கருமணலுக்கு ஒன்று, வெண்மணலுக்கு ஒன்று: ரீயூனியன் கடற்கரையில் எந்த மெட்டல் டிடெக்டர்?

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குரிய ரீயூனியன் தீவில், எர்மிதாஜ் கடற்கரையின் மணல் பவளத்தூள், பால்வெள்ளை. அங்கிருந்து தமரேன் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் தெற்கே போனால் எதாங்-சாலே. அங்கே மணல் எரிமலை கொடுத்தது, அட்டக்கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிக் கூட்டம்தான்: மரநிழலில் பாய் விரித்து, கறிச்சட்டியை இறக்கிவைத்து, பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கும் குடும்பங்கள். தொலைவதும் ஒரே மாதிரிப் பொருள்கள்தான். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கிக் கழன்ற மோதிரம், அலை இழுத்த சங்கிலி, திருகாணி விட்டுப்போன தோடு. ஆனால் எர்மிதாஜில் ஒரு மோதிரத்தை அலட்டாமல் எடுத்துத் தரும் கருவி, எதாங்-சாலேயில் பாதி ஆழத்துக்கே திணறலாம்.

உயர்விலைக் கருவி வாங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "எது அதிக ஆழம் போகும்?" கேள்வியே கோணல். கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருளைக் காயில் என்போம். காயிலின் காந்தப்புலம், காயில் அகலத்தைத் தாண்டிய தூரத்தில் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. பொருளிலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே குறைகிறது. ஆகமொத்தம் ஆறாம் அடுக்கு. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் சிக்னல் 64 மடங்கு வேண்டும். இதனால்தான் ஒரே அளவு காயில் மாட்டிய நல்ல கருவிகள் சுத்தமான மணலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் நின்றுவிடுகின்றன. பணம் எங்கே பேசுகிறது என்றால், மணல் சுத்தமாக இல்லாத இடத்தில்.

மோதிரம் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது

காயிலில் மாறுதிசை மின்னோட்டம் ஓடும்போது மண்ணுக்குள் மாறும் காந்தப்புலம் இறங்குகிறது. உலோகத்தில் அது சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சின்னப் புலத்தை எழுப்ப, அதை இன்னொரு காயில் பிடிக்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே ஒரு பின்னடைவு உண்டு. அதைக் கட்ட வேறுபாடு என்போம். நன்றாகக் கடத்தும் கனமான வெள்ளிக்கு அது அதிகம், மெல்லிய அலுமினியத் தாளுக்குக் குறைவு. திரையில் வரும் எண் இந்தப் பின்னடைவுதான், உலோகத்தின் பெயரல்ல.

நம் வீட்டு நகைகளை வைத்தே இதைப் பார்க்கலாம். தங்கத்தில் செம்போ வெள்ளியோ கலக்கக் கலக்கக் கடத்துதிறன் சடாரென்று சரியும். அதனால் ஒரே அளவு மோதிரம் 22 காரட்டில் ஓர் எண்ணும், பிரெஞ்சு நகைக்கடை வழக்கமான 18 காரட்டில் அதைவிடக் குறைந்த எண்ணும் காட்டும். பற்றவைத்து மூடிய மோதிரம் அருமையான இலக்கு, ஏனென்றால் மின்னோட்டம் முழு வட்டத்தையும் சுற்றி வருகிறது. வெள்ளி மெட்டியைப் பாருங்கள்: விரலுக்கேற்ப விரிக்க ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் வட்டம் அறுந்துபோகிறது. மின்னோட்டம் கம்பியின் தடிமனுக்குள்ளேயே சுழல்வதால் சிக்னல் சுருங்கி, எண்ணும் கீழே விழுகிறது. வெள்ளியாயிற்றே, பெரிய எண் வருமென்று காத்திருப்பவர் அதன் மேலேயே நடந்துபோவார்.

சங்கிலி இன்னும் மோசம். கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத் தொடுவதால் கருவி அதை ஒரே உலோகமாகப் பார்ப்பதில்லை. நூறு சின்னச் சின்ன வளையங்களாகப் பார்க்கிறது. ஐந்து பவுன் சங்கிலியானாலும் சத்தம் கொடுப்பது பெரும்பாலும் கொக்கிதான். தாலிக்கொடியில் தாலியும் குண்டுகளும் இருப்பதால் கொஞ்சம் தப்பித்தோம். மூக்குத்தியைத் தேட வேண்டுமென்றால் 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போகவேண்டும். 5 கிலோஹெர்ட்ஸில் அது இல்லாத பொருள்தான்.

குப்பையும் இதே எண்களில்தான் குடியிருக்கிறது. பியர் மூடி எஃகு. ஆனால் தட்டையாக, வட்டமாக இருப்பதால் நாணயம் போல நடிக்கும். காயிலின் விளிம்புக்கு வந்ததும் இரும்பு போலக் கரகரக்கும், அங்கே பிடித்துவிடலாம். அலுமினிய கேனின் இழுப்பு வளையம் மட்டும் தங்க மோதிரத்தின் எண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது. எந்த விலைக் கருவியாலும் இரண்டையும் பிரிக்க முடியாது, தோண்டித்தான் தீரவேண்டும். யூரோ நாணயங்களும் குழப்பும். 1, 2, 5 சென்ட் காசுகள் செம்பு பூசிய எஃகு, ஆகவே இரும்புப் பக்கம் சாயும். 10, 20, 50 சென்ட் செம்புக் கலவை, ஒழுங்காகப் பேசும். 1, 2 யூரோவின் நடுவட்டத்துக்குள் நிக்கல் அடுக்கு இருப்பதால் காந்தத்துக்கும் கொஞ்சம் இசையும்.

உப்பும் இரும்பும் சேர்ந்தால்

இனி மணலுக்கு வருவோம். தங்கத்தோடு ஒப்பிட்டால் கடல்நீரின் கடத்துதிறன் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு. ஆனால் காயிலுக்குக் கீழே இருப்பது ஒரு மோதிரமல்ல, ஈர மணலின் முழுப்பரப்பு. அதனால் உப்பு ஈரம் ஒரு மெல்லிய அலுமினியத் தாளைப் போலவே பதில் சொல்கிறது. காயிலை ஒரு விரற்கடை தூக்கினாலும் அந்தப் பதில் மாறும்.

கருமணலில் இருப்பது வேறு சமாசாரம். எதாங்-சாலே மணலில் பசால்ட் என்ற எரிமலைப் பாறைத் துகளும் ஆலிவின் என்ற கனிமமும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் கலந்திருக்கின்றன. மேக்னடைட்டில் சுழல் மின்னோட்டம் சொல்லும்படியாக இல்லை. ஆனால் காந்தப்புலத்தைத் தன்பக்கம் இழுக்கும். பின்னடைவே இல்லாத, மிகப் பலமான ஒரு பதில் அதிலிருந்து வரும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நியோடிமியம் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உலர்ந்த மணலில் ஓரடி இழுங்கள். எர்மிதாஜில் பை வெறுமையாக வரும். எதாங்-சாலேயில் மயிர் முளைத்தது போலக் கறுப்பாக எழுந்து நிற்கும்.

மண்ணின் சொந்தப் பதிலை அடக்கும் அமைப்புதான் மண் சமன். ஒற்றை அதிர்வெண் கருவியில் அது ஒரேயொரு பின்னடைவுக் கோணத்தைத்தான் பூஜ்யமாக்கும். உலர்ந்த கருமணலில் மேக்னடைட்டின் கோணத்தில் வைத்தால் வேலை செய்கிறது. ஈர வெண்மணலில் உப்பின் கோணத்தில் வைத்தால் வேலை செய்கிறது. ஈரக் கருமணலில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை அடக்கினால் மற்றது கத்தும். பள்ளிக்கூட அல்ஜீப்ராதான்: தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று.

பல அதிர்வெண் கருவி இரண்டாவது சமன்பாட்டைத் தருகிறது. உப்பின் பதில் அதிர்வெண் ஏற ஏற வளரும், மேக்னடைட்டின் பதில் அநேகமாக மாறாது. பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் அளந்து சரியான விகிதத்தில் கழித்தால் இரண்டும் அடங்கும். இதற்கு ஒரு விலை உண்டு, விளம்பரத்தில் அதை எழுத மாட்டார்கள்: மெல்லிய சங்கிலியும் உப்பைப் போலவே நடந்துகொள்வதால், உப்போடு சேர்த்து அதையும் கழித்துவிடுகிறது. கடற்கரையில் நகை தொலைத்தவர் "சங்கிலிதான் போச்சு" என்றால், உலர்ந்த மேல்மணலில் கடற்கரை முறையை விட்டு வயல் முறைக்கு மாறித் தேடுங்கள். ஈர மணலில் அது முடியாது.

மூன்றாவது வழி துடிப்புக் கருவி. மின்னோட்டத்தைச் சில நூறு தடவை ஒரு நொடியில் சட்டென்று வெட்டி, வெட்டியபின் சுமார் 10 மைக்ரோநொடி பொறுத்து, என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்கிறது. அதற்குள் உப்பின் பதில் செத்திருக்கும். மேக்னடைட்டின் பெரும்பகுதியும் அப்போதே ஓய்ந்திருக்கும். புலம் நின்றபின்னும் சற்றுத் தயங்கும் நுண்துகள்கள் மட்டும் மிச்சம், அதற்குத் தனி மண் சமன் உண்டு. கனமான மோதிரத்தில் மின்னோட்டம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். ஈரக் கருமணலில் ஆழத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஆணியும் தங்கமும் இதற்கு ஏறத்தாழ ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை விறகடுப்பு மூட்டுகிற இடத்தில், பழைய பலகையோடு எரிந்த ஆணிகள் எத்தனை கிடக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மெல்லிய தோட்டின் பதிலும் அந்த 10 மைக்ரோநொடிக்குள் ஓய்ந்துவிடும்.

கடையில் கிடைப்பவை

எக்ஸ்பி டியூஸ் 2, தூலூஸ் பகுதியில் செய்வது. ஒரு கிலோவுக்கும் குறைவு, 20 மீட்டர் வரை நீர்புகாது. காயிலுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே கம்பி இல்லை, வானொலி அலை. அந்த அலை தண்ணீரில் சில சென்டிமீட்டர்கூடப் போகாது; ஆகவே நீருக்குள் இறங்கும் முன் கூடவரும் ஆன்டெனாக் கம்பியைக் காயிலிலிருந்து பெட்டிவரை கட்டவேண்டும். மறந்தால் முழங்காலளவு நீரில் கருவி ஊமையாகிவிடும். முதல் வாரத்தில் பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் இந்த மறதியும் உண்டு.

மைன்லேப் மான்டிகோர் சுமார் 1.3 கிலோ, 5 மீட்டர். எண்ணோடு நிற்காமல் இலக்கைத் திரையில் ஒரு படமாக வரைகிறது. பியர் மூடி மேலும் கீழும் சிதறித் தெரியும், மோதிரம் நடுக்கோட்டில் ஒடுங்கி நிற்கும். பிக்னிக் குப்பை நிறைந்த வெண்மணலுக்கு இதுதான் என் தேர்வு. அதே நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 900, அதே 5 மீட்டர், படம் இல்லை, விலை குறைவு. நோக்டா லெஜண்ட் இன்னும் குறைவு; 3 மீட்டர். இடுப்பளவுக்கு மேல் போகாதவருக்கு லெஜண்டே போதும், மீதிப் பணத்துக்குச் சின்ன காயில் ஒன்றும் நல்ல எஃகுச் சல்லடைக் கரண்டியும் வாங்கலாம். கரண்டியின் ஓட்டை 12 மில்லிமீட்டர் என்றால் மோதிரம் நிற்கும், மூக்குத்தி ஒழுகிவிடும்.

கருமணலே உங்கள் கடற்கரை என்றால் காரெட் ஏடிஎக்ஸ் போன்ற துடிப்புக் கருவியை எண்ணலாம். 3 கிலோவைத் தாண்டும் எடை. இரண்டு மணி நேரம் வீசினால் தோள் சொல்லும்.

ஐரோப்பிய மதிப்புரைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். பிரித்தானி கடற்கரையில் ஓதம் பல மீட்டர் இறங்கும், நடந்தே தேட வெகுதூரம் திறந்துவிடும். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஈரப்பட்டை நாலைந்து எட்டு, அவ்வளவுதான். அதோடு சுறா ஆபத்தால் 2013 முதல் லகூனுக்கும் (பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற கடல்) கண்காணிப்பு உள்ள இடங்களுக்கும் வெளியே குளிக்கத் தடை இருப்பதால் மோதிரங்கள் விழுவதும் குறுகிய இடத்திலேயே. 60 மீட்டர் ஆழம் தாங்கும் எக்ஸ்காலிபர் 2 எல்லாம் முக்குளிப்பவருக்கு. லகூனோ 2007-இல் அமைந்த கடல்சார் காப்பகத்துக்குள் வருகிறது. அதன் அடிமண்ணைக் கிளறும் முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள். 1989 டிசம்பர் 18 சட்டப்படி, வரலாறு அல்லது தொல்லியல் சார்ந்த பொருளைத் தேட அரசு அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்தக் கூடாது. பழைய கரும்பாலை இடிபாடுகள் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். கண்டெடுத்த நகையும் எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஒப்படைப்பதே முறை.

கறுப்பு மணல் செய்யும் குறும்புகள்

கருவி நல்லதாகவே இருந்து சத்தம் மட்டும் பொய் சொன்னால் முதலில் காயிலின் அடி மூடியைக் கழற்றுங்கள். மூடிக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு கரண்டி கருமணல் சேர்ந்திருக்கும். மேக்னடைட் காயிலோடு ஒட்டிக்கொண்டே ஆடும்போது எந்த மண் சமனும் நிற்காது. ஒவ்வொரு நாளும் கழுவவேண்டிய இடம் இது. அடுத்தது காயில் கம்பி: தண்டில் தளர்ந்து ஆடினால் வீசும் தாளத்துக்கே பீப் வரும்.

நண்பகலில் கருமணல் கால்வைக்க முடியாமல் சுடும். அதன்மேல் அரை மணி கிடந்த கருவியை நேரே கடலில் முக்கினால் உள்ளே சூடேறிய காற்று சுருங்கி, ரப்பர் வளையத்தின் வழியே நீரை உறிஞ்சும். நிழலில் ஆறவிட்டு இறக்குங்கள்.

சென்சிடிவிடியை முழுக்க ஏற்றுவதும் இங்கே தவறு. காயிலை 30 சென்டிமீட்டரிலிருந்து 4 சென்டிமீட்டர் வரை ஐந்தாறு தடவை ஏற்றி இறக்கி மண் சமன் செய்து, சத்தம் அடங்கும்வரை சென்சிடிவிடியை இறக்குங்கள். அதற்குப் பிறகு கேட்கும் மெல்லிய சத்தத்தை நம்பலாம்.

இரண்டு கருவிகளில் எது என்று முடிவாகவில்லை என்றால், மேசைமேல் காசை ஆட்டிப் பார்ப்பதை விடுங்கள். காற்றில் உப்பும் இல்லை, மேக்னடைட்டும் இல்லை. மோதிர அளவுள்ள ஒரு பித்தளை வாஷரில் ஒரு மீட்டர் மீன்பிடி நரம்பைக் கட்டி, உங்கள் கடற்கரையின் ஈரப்பட்டையில் 10, 20, 30 சென்டிமீட்டரில் புதைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு காயில், ஒரே நாள், ஒரே குழி. இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் சத்தம் வந்தால்தான் கணக்கு. பிறகு 90 பாகை திரும்பி நின்று மறுபடியும். இணையத்தில் வாங்கினால் 14 நாளில் திருப்பும் உரிமை உண்டு, ஆனால் உப்புநீரில் நனைத்த கருவிக்கு முழுப்பணம் கேட்பது கடினம், தீவிலிருந்து திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில். ஆகவே சோதனைக்குத் தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கள். விலையை ஒப்பிடும்போது பிரான்ஸ் விலையிலுள்ள 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியைக் கழித்து, இங்கத்திய 8.5 சதவீதத்தையும் தீவுக்குள் வரும் பொருள்களுக்கான ஒக்த்ருவா த மேர் வரியையும் கூட்டிப் பாருங்கள்.