செல்லுக்கு வெளியே மட்டும் உருவாகும் இழை

ஈ.கோலை பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி உயிர்ப்படலமாக வாழும்போது, அவற்றைப் பிணைத்து வைப்பதில் பெரும் பங்கு கர்லி என்ற புரத இழைகளுக்கு உண்டு. தடிமன் 4 முதல் 10 நானோமீட்டர்தான். ஆனால் புரதங்களைப் பிரித்துக் கரைக்கும் எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருளின் கரைசலில் கொதிக்கவைத்தாலும் கரையாது. புரதச் சங்கிலியின் பகுதிகள் இழைக்குக் குறுக்காக, சுமார் 0.48 நானோமீட்டர் இடைவெளியில் ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகியிருப்பதே காரணம். இதை அமிலாய்டு அமைப்பு என்கிறோம். அல்சைமர் நோயில் மூளையில் படியும் இழைகளுக்கும் இதே அடிப்படைதான்.

அப்படிப்பட்ட இழை செல்லுக்குள் உருவானால் ஆபத்து. ஆகவே கர்லியின் வலிமையைவிட, அது உள்ளே உருவாகாமல் தடுக்கப்படும் விதமே எனக்குப் பெரிய வியப்பு.

மூலப்பொருளான சிஎஸ்ஜி-ஏ புரதத்தில் ஒன்றுபோன்ற 5 பகுதிகள் உள்ளன. முதலும் கடைசியும் வேகமாக ஒட்டிக்கொள்ளும். நடுப்பகுதிகளில் உள்ள சில அமினோ அமிலங்கள் அந்த வேகத்தைக் குறைக்கும். அவற்றை மாற்றினால் புரதம் செல்லுக்கே நஞ்சாகிறது. செல்லைச் சூழ்ந்த உள், வெளி என்ற இரு சவ்வுகளுக்கு இடையே சிஎஸ்ஜி-சி என்ற காவல் புரதம் இழை தொடங்காமல் தடுக்கிறது. வெளிச்சவ்வில் சிஎஸ்ஜி-ஜி புரதத்தின் 9 பிரதிகள் சேர்ந்த துளை இருக்கிறது. அதன் மிகக் குறுகிய இடம் சுமார் 0.9 நானோமீட்டர், மடியாத சங்கிலி மட்டுமே நுழையும்.

வெளியே வந்ததும் இழை தானாகத் தொடங்கிவிடுவதில்லை. செல்லின் மேல் பதிந்திருக்கும் சிஎஸ்ஜி-பி என்ற புரதம் அதற்கு முதல் அச்சாக வேண்டும். அது இல்லாத செல்லிலிருந்து சிஎஸ்ஜி-ஏ கரைந்து விலகிப்போகும். அந்தச் செல்லுக்குப் பக்கத்தில், சிஎஸ்ஜி-ஏ இல்லாமல் சிஎஸ்ஜி-பி மட்டும் உள்ள செல்லை வளர்த்தால், ஒன்று வெளியிட்ட புரதம் மற்றதன் மேல் இழையாகிறது!

ஆய்வகத்தில் இதைப் பார்க்க, உப்பில்லாத அகார் என்ற ஊட்டக்கூழில் காங்கோ ரெட் சாயம் கலந்து, 26 முதல் 28 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வளர்ப்பார்கள். கர்லி இருந்தால் பாக்டீரியாக் கூட்டங்கள் சிவக்கும். பல ஆய்வக வகைகள் 37 டிகிரியில் வெளிறியே இருக்கும். அந்த வெப்பநிலையில், கர்லி உற்பத்தியைத் தூண்டும் சிஎஸ்ஜி-டி என்ற கட்டுப்பாட்டுப் புரதம் போதிய அளவு உருவாவதில்லை. செல்லுலோஸும் இந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரத்தால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிச் சரிபார்க்கும்போது மாதிரியை முதலில் அடர் ஃபார்மிக் அமிலத்தில் கரைத்து, அமிலத்தை ஆவியாக்கிவிட வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் இழைகள் ஜெல்லின் குழியிலேயே தங்கிவிடும். கர்லி நிறைய உள்ள மாதிரியும் வெறுமையாகத் தெரியும்.