சேர்வராயன் மலையில் மேய்ச்சல்: எது குற்றம், எது உரிமை?

ஏற்காட்டிலோ காடையாம்பட்டி அடிவாரத்திலோ மேய்ச்சல் தகராறு வந்தால் இரு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "அது கவர்மென்ட் இடம்." அரசு நிலத்தில் பல வகை உண்டு, வகைக்கொரு சட்டம். முதலில் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்கள் எந்த வகை என்று சொல்லும் பதிவேடு) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

மேய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால், ஊர் மாடு மேயத்தான் அந்த நிலம். ஊராட்சிதான் அதை ஒழுங்குபடுத்தும். அங்கே வேலி போட்டவர் ஆக்கிரமிப்பாளர். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றச் சொல்லி தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். ஊர்ப் பொது நிலங்களை மீட்கும்படி ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

காப்புக்காடு (அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த காடு) என்றால் பேச்சே வேறு. 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21வது பிரிவுப்படி அங்கே ஆடுமாடு மேய்ப்பதும், அவை நுழைய விடுவதும் குற்றம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. இதைக் கேட்டுவிட்டு "தடை போயிடுச்சு, ஓட்டிட்டுப் போலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். 21வது பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மேய்த்த, இந்த மலையின் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம்; ஆனால் 2005 டிசம்பர் 13க்கு முன் 75 ஆண்டுகள் காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: தனியாளாக ரேஞ்சருக்கு மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். அது வேலைக்கு ஆகாது. ஊரே சேர்ந்து படிவம் 'ஆ'வில் கிராம சபையிடம் கோர வேண்டும். வன உரிமைக் குழு இடத்தை நேரில் பார்க்கும், கிராம சபை தீர்மானம் போடும், பிறகு கோட்ட அளவிலான குழு, கடைசியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. பழைய மேய்ச்சல் இடங்களே சான்றாகும் என்று விதியே சொல்கிறது. ஆனால் ஒரு சான்று போதாது. பழைய வனத்துறை ரசீது, பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் எது கிடைத்தாலும் சேருங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடமும், அதன் முடிவில் குறை இருந்தால் அடுத்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம்.

காபி எஸ்டேட்டில் மாடு புகுந்தால் 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் பொருந்தும். பயிரை அழிக்கும் மாட்டை எஸ்டேட்காரர் பிடிக்கலாம். தன் கொட்டகையில் கட்டி வைத்துப் பணம் கேட்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு (பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பட்டி) அனுப்ப வேண்டும். மாட்டுக்காரர் அதை வலுக்கட்டாயமாக மீட்டால் அது தனிக் குற்றம். பிடித்ததே தவறு என்று நினைத்தால், பிடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்ய வேண்டும்.