சப்டொமைன் உங்களுக்குத் தேவைதானா?

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கினால், யாழ்ப்பாணத்து விடுதி உரிமையாளர்கள் பலர் தங்கள் இணையத்தளத்தைத் திருத்தித் தரும்படி கேட்டு வருவார்கள். "வலைப்பூவுக்கு ஒரு சப்டொமைன், அறைப்பதிவுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று திறந்தால் கூகுளில் நாலு இடத்தில் வரலாமாம்" என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

'வலைப்பூ.உங்கள்பெயர்.இலங்கை' என்று பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் அது சப்டொமைன். 'உங்கள்பெயர்.இலங்கை/வலைப்பூ' என்று சாய்கோட்டுக்குப் பின்னால் வந்தால் கோப்புறை. இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் தங்கள் தேடலுக்குச் சம்மதமே என்று கூகுள் தேடல் பற்றித் தள உரிமையாளர்களுக்கு விளக்கும் அந்நிறுவன ஊழியர் ஜோன் முல்லர் 2017இலேயே சொல்லிவிட்டார். ஆகவே சப்டொமைன் வைத்ததற்காகத் தண்டனை கிடையாது. நாலு இடம் என்ற கணக்குத்தான் பிழை. ஒரே தளத்தின் பக்கங்களை முதல் முடிவுகளில் பெரும்பாலும் இரண்டுக்கு மேல் காட்டுவதில்லை என்று கூகுள் 2019 ஜூனில் அறிவித்தது. அந்தக் கணக்கில் சப்டொமைன்களும் பொதுவாகத் தாய்த் தளத்தோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன.

பிறகு நட்டம் எங்கே வருகிறது? பிரித்த பிறகு நாம் செய்யாமல் விடுகிற வேலைகளில். சிறு விடுதியின் தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளே சொற்பம். பயணக் கட்டுரை எழுதும் ஒருவர் உங்கள் வலைப்பூவுக்கு இணைப்புக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்த வலைப்பூ வேறொரு மென்பொருளில், வேறு தோற்றத்தில், அறைப்பதிவுப் பக்கத்துக்கு ஓர் இணைப்புக்கூட இல்லாமல் கிடக்கிறது. வந்த வாசகரும் அங்கேயே நின்றுவிடுகிறார். இணைப்புகளைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலுக்கும் அடுத்த பக்கத்துக்குப் போக வழியில்லை. எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று தேடுபொறி நிரல்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு, பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு சப்டொமைனுக்கும் தனிக் கவனிப்பும் வேண்டும். ஒரு தளத்தைப் பார்க்கவே ஆளில்லாத இடத்தில் நாலு தளத்தை யார் பார்ப்பது?

இதைவிட மோசமானது மறந்துபோன சோதனைத் தளம். ஒரு விடுதியின் பெயரைத் தேடினால், அதன் உண்மையான முகப்புக்கு மேலே 'டெஸ்ட்' என்று தொடங்கும் முகவரி வந்தது. உள்ளே பழைய அறைக் கட்டணம், யாருடையதோ மாதிரிப் படங்கள். கனடாவிலிருந்து அழைத்த ஒருவர் அந்தப் பழைய விலைக்கே அறை கேட்டு நின்றார். தளத்தை வடிவமைத்தவர் வேலை முடிந்ததும் சோதனைப் பிரதியைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார்.

இப்படி நேர்ந்தால் பலர் அவசரமாக ரோபோட்ஸ் கோப்பில் தடை எழுதுகிறார்கள். அது பக்கத்தைப் படிப்பதைத்தான் தடுக்கும். முகவரி தேடலில் தொடர்ந்தும் தெரியலாம். அதோடு, 'தேடலில் காட்டாதே' என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியையும் பக்கத்தில் போட்டால் பயனில்லை, ஏனென்றால் படிக்க முடியாத பக்கத்திலுள்ள குறியைக் கூகுள் எப்படிக் காணும்? சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் போடுங்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் அகற்றக் கோரிக்கையும் கொடுங்கள். அது தற்காலிகமாக, சுமார் ஆறு மாதம் மறைத்துவைக்கும். அங்கே டொமைன் என்ற வகையில் பதிவு செய்துகொண்டால், நீங்கள் மறந்துபோன சப்டொமைன்களின் தரவும் ஒரே இடத்தில் தெரியும்.

சப்டொமைன் பொருந்தும் இடங்களும் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மொழிக்கும் தனிச் சப்டொமைன். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் தனக்கென்று எழுதுவோரோடும் நிர்வாகிகளோடும் இயங்குகிறது. அப்படித் தனி ஆட்களும் தனிப் பணியும் இருந்தால் பிரிப்பது சரி. வெளி நிறுவனமொன்றின் கடை மென்பொருளை வாடகைக்கு எடுக்கும்போதும் வேறு வழி இருக்காது. மும்மொழியில் பத்துப் பக்கம் வைத்திருக்கும் விடுதிக்குக் கோப்புறையே தாராளம்.

ஏற்கெனவே பிரித்தவர்கள் ஒன்றுசேர்க்கலாம். பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு, நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் 301 வழிமாற்றால் அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளாதீர்கள். வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள். வெளிச் சேவை எதையாவது நிறுத்துவதானால், முதலில் உங்கள் சப்டொமைனை அந்தச் சேவைக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவை (ஒரு பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை) அழித்துவிட்டுத்தான் கணக்கை மூட வேண்டும். பதிவு அப்படியே இருந்தால், அதே சேவையில் வேறொருவர் கணக்குத் திறந்து, உங்கள் பெயரிலேயே சூதாட்டப் பக்கம் ஏற்றக்கூடும்.