சின்னது நிற்க, பெரியது நுழையும் வழி

சோடியம் அயனி சிறியது, பொட்டாசியம் அயனி அதைவிடப் பெரியது. ஆனால் நம் செல்களின் சவ்வில் இருக்கும் ஒரு வகைக் கால்வாய் பொட்டாசியத்தைக் கடக்க விட்டு, சோடியத்தைத் தடுக்கிறது. ஓட்டையின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நடக்கவே கூடாது.

செல் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள்தான் அது. நீரோடு ஒட்டும் தலைகள் இரு பக்கமும் வெளியே பார்த்திருக்க, நீரோடு சேராத வால்கள் நடுவில் ஒளிந்திருக்கும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவை அந்த எண்ணெய்ப் பகுதியில் எளிதாகக் கரைந்து, செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போய்விடும். செல்லுக்கு இதில் செலவே கிடையாது.

அயனிகளின் கதை வேறு. மின்னேற்றம் இருப்பதால் ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கும். அந்தப் பிடியை விட்டு எண்ணெய்க்குள் இறங்க நிறைய ஆற்றல் வேண்டும். அதனால் புரதக் கால்வாய்தான் வழி.

1998இல் ராடரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிர் கொண்டு அணு அணுவாகப் படம் பிடித்தபோதுதான் புதிர் அவிழ்ந்தது. கால்வாயின் குறுகலான பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக உள்நோக்கி நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன் பொட்டாசியத்தை எவ்வளவு தூரத்தில் பிடித்திருந்ததோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில்! தண்ணீரை உதறியதே தெரியாமல் பொட்டாசியம் உள்ளே போகிறது. சோடியம் சிறியதல்லவா, அந்த அணுக்கள் அதற்கு எட்டாமல் விலகி நிற்கின்றன. தண்ணீரை விட்டு வர அதற்கு லாபமில்லை, வெளியிலேயே தங்கிவிடுகிறது. இவ்வளவு கறாரான தேர்வு நடக்கும்போதே நொடிக்குக் கோடிக்கணக்கான பொட்டாசியம் அயனிகள் கடந்துபோகின்றன. உயிரியலில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீருக்கும் தனி வழி உண்டு. பீட்டர் ஆக்ரே 1992இல் அடையாளம் கண்ட அக்வாபோரின் வழியாக அது ஒற்றை வரிசையில் ஓடுகிறது. மெக்கின்னன், ஆக்ரே இருவருக்கும் 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, எல்லாமே செறிவு குறைந்த பக்கம் போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் இரு பக்கமும் சமமாகிவிடாதா? அப்படி ஆகாமல் காப்பது சோடியம் பொட்டாசியம் பம்ப். நண்டின் நரம்பை ஆராய்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதை வெளிக்கொண்டுவந்தார். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. நின்றால் சோடியம் உள்ளே சேரும், அதன் பின்னாலேயே தண்ணீர் வரும், செல் வீங்கத் தொடங்கிவிடும்.