அரங்கேற்றத்துக்குக் கேமரா வைக்குமுன் மெனுவைத் திறந்து பாருங்கள்

போன மார்கழிக்கு முன்னால் ஒரு ஹார்டு டிஸ்க் என் மேசைக்கு வந்தது. மயிலாப்பூர் சபா ஒன்றில் நடந்த பரதநாட்டிய அரங்கேற்றம். மூன்று கேமரா, இரண்டரை மணி நேரம். டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டில் 'ஃபுல் எச்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதிலிருந்து அரை மணி நேரம் எங்கள் சேனலில் போவதாக ஏற்பாடு. அங்கே நான் க்யூசி, அதாவது தரச் சோதனை, பார்க்கிறவன். வெளியிலிருந்து வரும் எந்த ஃபைலும் என் கண்ணைத் தாண்டித்தான் ஒளிபரப்புக்குப் போகும்.

முதல் உருப்படியான அலாரிப்பு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வர்ணம் என்ற நீண்ட உருப்படியில், ஜதிக்கு ஆடும் முதல் தீர்மானம் வந்ததும் கண்ணை உறுத்தியது. நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்தேன். கை ஐந்து ஃப்ரேம் சீராக நகர்கிறது, பிறகு ஒரு குதி. மறுபடி ஐந்து ஃப்ரேம், மறுபடி ஒரு குதி. இடப்பக்கக் கேமராவின் ஷாட்டுகளில் கோளாறு வேறு மாதிரி. அங்கே எடிட்டர், அடுத்தடுத்த படங்களை ஒன்றாகக் கலக்கும் ஃப்ரேம் பிளெண்டிங் போட்டிருந்தார். கடகாமுக முத்திரை பிடித்த கை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிந்தது. எது விரல், எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை.

காரணம் எளிது. ஓரத்துக் கேமராக்கள் இரண்டும் நொடிக்கு 30 ஃப்ரேமில் ஓடியிருக்கின்றன. நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 25. முப்பதை இருபத்தைந்தாக்க ஆறில் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். நொடிக்கு ஐந்து குதி அங்கிருந்துதான் வந்தது. நின்றபடி பேசுகிற பேட்டியென்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜதிக்குக் கால் தட்டும்போது மறைக்கவே முடியாது.

ஃபுல் எச்டி என்ற சொல் படத்தின் அளவை மட்டும்தான் சொல்கிறது: 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். பழைய 720-க்கு 576 படத்தைப்போல மிகச் சரியாக ஐந்து மடங்கு. நொடிக்கு எத்தனை படம், படம் முழுசாக வருகிறதா, ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து வருகிறதா, நிறம் எவ்வளவு பதிகிறது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. நம் எச்டி சேனல்களில் வழக்கமாகப் போவது '1080ஐ 50' ('ஐ' என்றால் இன்டர்லேஸ்டு, ஃபீல்டாகப் பிரிந்து வருவது). நொடிக்கு 50 ஃபீல்டு, இரண்டு சேர்ந்தால் ஒரு ஃப்ரேம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும் இதே 25 ஃப்ரேம் கணக்கில்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ஒட்டிப் பிறந்த கணக்கு அது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 30, துல்லியமாகச் சொன்னால் 29.97.

இங்கேதான் நிறைய பேர் இடறுகிறார்கள். அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்த கேமரா 60 கணக்கில் இருக்கும். வடபழனியில் வாடகைக்கு எடுத்த கேமராவை முன்னால் எடுத்துப் போனவர் யூடியூபுக்காக என்டிஎஸ்சி-க்கு, அதாவது அந்த அமெரிக்கக் கணக்குக்கு, மாற்றி வைத்திருப்பார். மெனுவைப் பார்க்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறோம். மண்டபத்து டியூப்லைட்டும் சீரியல் லைட்டும் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிப்பவை. ஷட்டர் 1/60-இல் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அடங்கிவிடும். எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பிப் பட்டையோடு கொண்டுவருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அதை முழுதாக எடுக்கவே முடியாது.

சினிமா மாதிரி இருக்கட்டும் என்று 24-இல் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை 25-ஆக ஓட்டினால் வேகம் 4 சதவீதம் கூடும். சுருதியைத் தனியாகத் திருத்தாவிட்டால் பாட்டும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். மயிலாப்பூர் ரசிகர்கள் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள்.

நாட்டியம், சிலம்பம், கபடி எதுவானாலும் என் பரிந்துரை 50பி, அதாவது நொடிக்கு 50 முழுப் படம். ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் ஒரு ஃபீல்டு எடுத்தால் 1080ஐ 50 சுத்தமாகக் கிடைக்கும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் வைத்து மண்டபத்திலேயே வெட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். 50பி சிக்னலுக்கு 3ஜி-எஸ்டிஐ என்ற கேபிள் இணைப்பு வேண்டும், நொடிக்கு 2.97 கிகாபிட். பழைய ஸ்விட்சர்கள் 1.485 கிகாபிட் எச்டி-எஸ்டிஐயோடு நின்றுவிடும். அப்படியானால் கேமராவையே 50ஐ-இல் வையுங்கள். கேபிளும் எச்டிஎம்ஐ வேண்டாம், பிஎன்சி பூட்டுள்ள எஸ்டிஐ போடுங்கள். பந்தி பரிமாறுகிறவர் கால் இடறினாலும் கழலாது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். சின்னக் கேமராக்களும் போன்களும் பெரும்பாலும் 4:2:0-இல் பதிகின்றன. நிறத் தகவல் கால்வாசிதான் இருக்கும். அரக்குப் பட்டில் பச்சை பார்டர் சேருமிடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், படிக்கட்டு மாதிரி தெரியும். 4:2:2-இல் பாதி இருக்கும், ஓரம் நேராக நிற்கும். எக்ஸ்டிகேம் எச்டி422 போன்ற, நொடிக்கு 50 மெகாபிட் ஃபைல்களைப் பல சேனல்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஃப்ரேம் ரேட்டை 25-இல் பூட்டிவைக்கும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பல போன்களின் சொந்தக் கேமராவில் நொடிக்கு எத்தனை படம் என்பது வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். நட்டுவாங்கத் தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போய்விடும்.

அந்த அரங்கேற்றம் என்ன ஆயிற்று? ஒரிஜினல் ஃபைல் கிடைத்தால், அசைவைக் கணக்கிட்டு இடைப்பட்ட படங்களை உருவாக்கும் கன்வர்ட்டரில் போட்டு ஓரளவு தேற்றியிருக்கலாம். வீடியோகிராபரைக் கேட்டோம். மறுநாள் முகூர்த்தம் இருந்ததால் ஓரத்துக் கேமராக்களின் கார்டுகளை அன்றிரவே துடைத்திருந்தார். 50 மெகாபிட்டில் எடுத்திருந்தால்கூடக் கேமராவுக்கு மணிக்கு 22.5 ஜிபி. மூன்று கேமரா, இரண்டரை மணி நேரம் என்றால் 170 ஜிபிக்குள் அடங்கியிருக்கும். இன்று அதற்கு ஆகும் ஹார்டு டிஸ்க் செலவு அந்தப் பெண்ணின் ஒரு சலங்கை ஜோடி விலைகூட வராது. 50-இல் ஓடிய நடுக் கேமராவின் ஃபைல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதையே ஒளிபரப்பினோம். முழு மேடையும் தெரிகிற ஒரே கோணம், அரை மணி நேரம். அடுத்த நாள் அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "குழந்தை முகத்தைக் கிட்டக் காட்டவே இல்லையே, சார்?" பத்து வருஷம் கற்றுக்கொண்ட அபிநயம். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே சேனலிடம் டெக்னிகல் ஸ்பெக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எல்லாக் கேமராவையும் பிஏஎல்-க்கு, அதாவது நம் 25/50 கணக்குக்கு, மாற்றுங்கள். மாற்றினால் சில கேமராக்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், அதனால் முந்தின நாளே செய்துவிடுங்கள். மண்டபத்து விளக்குகள் எல்லாவற்றையும் போடச் சொல்லி, ஒவ்வொரு கேமராவிலும் பத்து நொடி எடுங்கள். ஒருவரைக் கையை வேகமாக வீசச் சொல்லுங்கள். அந்த க்ளிப்புகளை எக்ஸ்போர்ட் செய்யாமல், கார்டில் இருந்தபடியே, சேனலின் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பிக் கேளுங்கள். பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிஷம் போதும்.