கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வராதீர்கள்

இந்த வருடம் என் மேசைக்கு வந்த மூன்றாவது கல்யாண ஆல்பம் இது. கொண்டு வந்தவர் மலேசியாவின் கிள்ளான் நகரத்துத் தம்பி ஒருவர். மடியில் நான்கு வயது மகள். மனைவி தமிழ்நாட்டுப் பெண். சுற்றுலாப் பாஸில் (தங்கும் அனுமதி) வந்தவர், பாஸ் முடிந்து ஐந்து வருடமாகிறது. போன வாரம் அவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் குடிநுழைவுத் துறையின் (இமிகிரேஷன்) சோதனை. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மணவறை, தாலி, சாட்சிக்கு நின்ற மாமா என்று தம்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். "இத்தனை பேர் முன்னாடி கட்டியிருக்கேன் மேடம். என் பொண்டாட்டிய எப்படிப் பிடிக்கலாம்?"

பிடிக்கலாம். குடிநுழைவுச் சட்டத்தில் தாலி என்று ஒரு பிரிவு இல்லை.

சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதியவேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஆட்களுக்குக் கோயில்தான் கணக்கு. சில கோயில்களில் முறைப்படி நியமிக்கப்பட்ட திருமணப் பதிவாளர் இருக்கிறார், அங்கே பதிந்தால் அது பதிவுதான். மற்ற இடங்களில் கொடுப்பது மண்டபம் எடுத்ததற்கான ரசீது. அதை லேமினேட் செய்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். (விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சடங்குக் கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கே வந்து வாதாட வேண்டாம். இது வேறு கதை.)

மனைவிக்கு என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாஸ் முடிந்து தங்கியதற்குக் குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிறகு நாடு கடத்தல், கறுப்புப் பட்டியல். இதுவாவது தெரிந்த ஆபத்து. பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவள்தான் இங்கே பிறந்தவளாயிற்றே!

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். மலேசிய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை கிடைக்காது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் கிடைக்கும். "நான் குடிமகன்தானே" என்கிறீர்கள். சரி. ஆனால் கல்யாணம் பதியப்படவில்லை என்றால் பிள்ளை சட்டப்படியான திருமணத்தில் பிறந்ததாகக் கணக்கில் வராது. அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் 'பெற்றோர்' என்றால் அம்மா மட்டும்தான் என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. அம்மா வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவர். (இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அம்மா மலேசியர், அப்பா வெளிநாட்டவர், பிள்ளை இங்கே பிறந்தது என்றால் இந்தச் சிக்கலே இல்லை.)

உடனே டிஎன்ஏ என்பார்கள். தம்பி, பிள்ளை உங்களுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரத்தம் யாருடையது என்பது கேள்வியே அல்ல. பிறந்த நாளில் பதிந்த கல்யாணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறதே என்பார்கள். இருவரும் சேர்ந்து கேட்டால் பெயரைப் போடுவார்கள், அதனால் குடியுரிமை வந்துவிடாது. பிறகு பதிந்துகொள்கிறோம் என்பார்கள். வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோர் பிற்பாடு பதிந்தது போதாது என்று 2021ல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது.

தம்பியிடம் பிறப்புப் பத்திரத்தின் நகல் இருந்தது. குடியுரிமைத் தகுதி என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினேன். 'புக்கான் வார்கானெகாரா', குடிமகள் அல்ல. நான்கு வருடமாக அந்தத் தாள் அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

பயம் ஒரு வீட்டோடு நிற்பதும் இல்லை. பாஸ் இல்லாதவரைத் தங்க விட்டால் வீட்டுக்காரருக்கும் ஆள் ஒன்றுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. தம்பியின் வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேலைக்கு வைத்த முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வரை. அதனால் "இன்னிக்கு ஒப்ஸ்" (சோதனை நடவடிக்கை) என்று ஒரு வாட்ஸாப் வந்தால் போதும், கடை வரிசையே ஷட்டரை இழுத்துவிடுகிறது. பாஸ் ஒழுங்காக உள்ள தொழிலாளியும் அன்று சம்பளமில்லாமல் அறையில் உட்கார்ந்திருப்பார். ஆவணமில்லாமல் வருபவரைப் பற்றி அரசு மருத்துவமனைகள் தகவல் கொடுக்கவேண்டும் என்று 2001ல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பயந்து கர்ப்பிணிகள் கடைசி நிமிடம் வரை வீட்டிலேயே இருக்கிறார்கள். சிலருக்குப் பிரசவமே வீட்டில். அப்புறம் பிறப்பைப் பதிவதில்லை. அந்தப் பிள்ளைக்குப் 'புக்கான்' என்று எழுதிய தாள்கூடக் கிடையாது.

இனிச் செய்யவேண்டியது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் முன் பாஸைப் பாருங்கள். பாஸ் உயிரோடு இருக்கும்போதே பதிவுத் துறைக்குப் போங்கள். மணமாகாதவர் என்ற சான்றிதழை அவரவர் தூதரகத்தில் வாங்கிவிடுங்கள். தொழிலாளர் பெர்மிட்டில் இருப்பவர் இங்கே திருமணம் செய்யக்கூடாது என்பது பெர்மிட்டின் நிபந்தனை. காதலிக்கும்போதே அதைப் படித்துவிடுவது நல்லது. பதிந்த பிறகு மனைவிக்கு நீண்டகாலப் பாஸுக்கு மனுச் செய்யலாம். ஏற்கெனவே பாஸ் முடிந்துவிட்டதா? ஏஜண்டிடம் போகாதீர்கள். 2024 மார்ச்சில் தொடங்கியதைப் போல, 500 வெள்ளி அபராதம் கட்டி வழக்கில்லாமல் ஊர் திரும்பும் திட்டங்கள் வருகின்றன. திறந்திருக்கிறதா என்று நேரே குடிநுழைவுத் துறையிலேயே கேளுங்கள்.

பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம், தள்ளிப் போடாதீர்கள். அம்மா இந்தியர் என்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியவும் வழி உண்டு. ஆனால் இங்கே அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் (பிள்ளைகளுக்கு அரசு தன் விருப்பப்படி குடியுரிமை தரும் பிரிவு) குடியுரிமை கேட்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். இரண்டு படகில் கால் வைக்க முடியாது.

பிடித்துவிட்டால், 24 மணி நேரத்தில் நீதிமன்றத்துக்கு வந்துவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் 14 நாள் வரை வைத்திருக்கலாம். அந்த 14 நாளில் எந்தத் தடுப்பு முகாம் என்று கண்டுபிடியுங்கள், பாஸ்போர்ட் எங்கே என்று தேடுங்கள், தூதரகத்துக்குச் சொல்லுங்கள். முதலாளி பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருந்தால் அது அவர் செய்யும் குற்றம், தைரியமாகக் கேட்கலாம். தம்பி என்னிடம் வந்தது ஒன்பதாவது நாள். முதல் எட்டு நாளும் யாரோ ஒரு 'டத்தோவுக்குத் தெரிந்தவர்' (டத்தோ என்றால் பட்டம் பெற்ற பெரிய மனிதர்) பின்னால் அலைந்திருக்கிறார்.

ஆல்பத்தை என் அலுவலகத்திலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாளை எடுக்க வருகிறார். வரும்போது பிறப்புப் பத்திரத்தின் அசலைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அது மனைவியின் கைப்பையில் இருக்கிறதாம். பை இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது, கடை பூட்டிக் கிடக்கிறது.