மறியல்ல தனியாப் போட்டா: 15 நாள் கணக்கும் வீட்டாக்கள் செய்ய வேண்டியதும்

திருகோணமலை மறியலுக்கு ஆளப் பாக்க மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து பஸ் ஏறி வாற சனத்துக்குத்தான் இத எழுதுறன். உள்ளுக்க இருக்கிறவரத் தனி அறையில போட்டிருக்கு எண்டு கேள்விப்பட்டா வீட்டுல முதல்ல பயம் வரும், அதுக்குப் பிறகு "கேட்டா இன்னும் மோசமாக்குவாங்களோ" எண்டு வாயப் பொத்திக்கொண்டு இருந்திருவாங்க. அப்பிடி இருக்கத் தேவையில்ல, கேக்கிறதுக்கு விதி இருக்கு.

கைதிகள நடத்துற விதம் பத்தி ஐநா 2015 டிசம்பர்ல புதுப்பிச்ச விதிகளுக்கு நெல்சன் மண்டேலா விதிகள் எண்டு பேர். ஒரு நாளைக்கு 22 மணித்தியாலம் அல்லது அதுக்கு மேல, அர்த்தமுள்ள மனிசத் தொடர்பு இல்லாம அடைச்சு வைச்சா அது தனிமைச் சிறை எண்டு 44ஆவது விதி சொல்லுது. தண்டனைக்குப் போட்டாலும் சரி "அவர்ட பாதுகாப்புக்குத்தான்" எண்டு சொன்னாலும் சரி, கணக்கு ஒண்டுதான். கதவுக்குக் கீழால சாப்பாட்டுத் தட்டத் தள்ளிப்போட்டுப் போறது மனிசத் தொடர்பு இல்ல. தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர தூரத்து மறியலுக்கு மாத்தி, சிங்களம் மட்டும் கதைக்கிற காவலாளிகளுக்கு நடுவில தனி அறையில வைச்சா அந்த ஆளுக்கு எந்தத் தொடர்பும் இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

தொடர்ந்து 15 நாளத் தாண்டினா அது நீடிச்ச தனிமைச் சிறை, 43ஆவது விதிப்படி தடை. முடிவு நாள் சொல்லாம வைக்கிறதும் தடைதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு எண்டா, மனிசன்ட மூளை தனிமையில கெதியாக் குழம்பிப்போகும். 1983இல ஸ்டூவர்ட் கிராசியன் எண்ட மனநல டொக்டர் அமெரிக்காவில தனிமையில இருந்த 14 கைதிகளப் பரிசோதிச்சு எழுதினவர், அவங்களுக்குத் தண்ணிக் குழாய்ச் சத்தம் கூடத் தாங்கேலாமப் போச்சு, இல்லாத குரல் கேட்டுது, நினைவு தடுமாறிச்சு, எல்லாரும் தனக்கு எதிராச் சதி செய்யிறாங்க எண்ட சந்தேகம், திடீரெண்டு தன்னையே வெட்டிக்கொள்ளுற வேகம். 2014இல வந்த நியூயோர்க் மறியல் ஆய்வில தனிமையில போடப்பட்டவங்க தங்களுக்குத் தாங்களே காயம் செய்யிற வாய்ப்பு மற்றவங்கள விட 6.9 மடங்கு. இதெல்லாம் "நடிப்பு" எண்டு சொல்லுற அதிகாரியளும் இருக்கிறாங்க, வீட்டாக்களும் சில நேரம் அத நம்பிப்போடுறாங்க, அதுதான் எனக்குக் கோவம்.

விசிட்டில இதுகளக் கவனியுங்க. கண்ணப் பாத்துக் கதைக்கிறாரா, பிள்ளையளப் பத்திக் கேக்கிறாரா, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுறாரா, கையில கீறின தழும்பு இருக்கா, போன கிழமை சொன்னத மறந்திட்டாரா. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்கயே திகதி போட்டு ஒரு கொப்பியில எழுதிப்போடுங்க, எப்ப இருந்து தனியா இருக்கிறார் எண்டு அவர் சொன்னதையும் சேத்து. பிறகு லோயர் கேக்கிற முதல் கேள்வி அதுதான்.

தனிமையில இருக்கிற ஆள மருத்துவ ஆக்கள் தினமும் பாக்க வேணும், உடம்போ மனசோ கெடுது எண்டா உடன பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேணும், இது 46ஆவது விதி. தனிமையால மனநோய் கூடும் எண்டா அந்த ஆளப் போடவே கூடாது. 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையள், கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தை இருக்கிற தாய்மாருக்கும் தடை.

இந்த விதிகள் இலங்கைச் சட்டம் இல்ல எண்டு யாராவது சொல்லுவாங்க, சரி, ஆனா அரசியலமைப்பின்ட 11ஆவது உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமா நடத்துறதையும் முழுசாத் தடுக்குது, அது நாட்டுச் சட்டம்தானே. அதில பிடிச்சுத்தான் போக வேணும்.

போற இடம் மனித உரிமைகள் ஆணைக்குழு. திருகோணமலையிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு, ஹொட்லைன் 1996, தமிழில எழுதிக் குடுக்கலாம், கைதிக்காக வீட்டாக்களும் குடுக்கலாம். ஆணைக்குழுவுக்கு மறியலுக்குள்ள போய்ப் பாக்கிற அதிகாரம் இருக்கு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சா 48 மணித்தியாலத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேணும், அறிவிச்சிருக்கா எண்டு நீங்க கேட்டுப் பாக்கலாம்.

முக்கியமா ஒரு மாசக் கணக்கு. உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாசம்தான் இருக்கு. அந்த மாசத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டா, அங்க விசாரணை நடக்கிற காலத்த அந்த ஒரு மாசத்தில சேத்துக் கழிக்க மாட்டாங்க. ஆனா முறைப்பாட்டுத் துண்டு மட்டும் காணாது, விசாரணை நடக்குது எண்டதுக்குக் கடிதம் கேட்டு வாங்கி வைங்க. லோயருக்குக் காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவிட்டப் போகலாம்.

முன்னமே மனநல கிளினிக்குக்குப் போன ஆள் எண்டா கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் போட்டோக்கொப்பி அடிச்சு, மறியல் நலன்புரி அதிகாரிட்ட ஒண்டும் லோயரிட்ட ஒண்டும் குடுங்க, குடுத்த திகதியையும் வாங்கினவர்ட பதவியையும் அந்தக் கொப்பியிலயே எழுதுங்க. விடுதலையாகி வந்த பிறகும் நித்திரை இல்ல, கதவு பூட்டினாப் பதறுறார் எண்டா விசர் எண்டு ஒதுக்காம 1926க்கு எடுங்க, அது தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம்.